அடக்கப் பாட்டு வந்த வழி

ஜூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட அப்பாவின் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுத்துக்கொடுத்த றோசம்மா அத்தை: "என்னளா, ஒங்கப்பன் கொடியேத்திட்டானா? எந்தக் கோவில் திருநாளு?" அப்பாவுக்கு ஒரே தங்கை. அவரைக் கிண்டல் செய்யாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

செய்ய வேண்டியவை: அப்பாவுக்கு பி.பி. மாத்திரை. நூலகப் புத்தகம் (நான்கு நாள் தாண்டிவிட்டது, இன்னும் பாதி). கேஸ் பதிவு.

ஆபீஸில் பதினோரு ஏற்றுமதி ஷிப்பிங் பில். எட்டு உப்பு, இரண்டு கயிறு, ஒன்று முருங்கை இலைப் பொடி. வெளியே டிரைவர் ஒருவர் போனில்: "ஏலே, கண்டெய்னர் கேட்லயே நிக்கி. நானும் நிக்கேன். டீ மட்டும் உள்ள போய்ட்டு வருது."

வலது காதில் வழக்கம்போல என் ரேடியோ. இதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. போனில் வரும் ஏதோ ஒரு குளிர்நாட்டு நிலையம். நாள் முழுக்க எழுபது வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் பாட்டுகள் மட்டும். ஓர் ஆண் அல்லது ஒரு பெண், பின்னால் வயலின்கள், யாருக்கும் அவசரம் இல்லை. அறிவிப்பாளர் வயதானவர். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இருமுவார். அவர் ஊரில் இன்று மழையாம். இங்கே உப்பு காய்கிறது.

மூன்றேகால் மணிக்கு ஒரு பாட்டு. ஆண் குரல், தணிந்த குரல். முதல் வரி முடிவதற்குள் என் விரல்கள் நின்றுவிட்டன. அடுத்து மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன் கேட்டதே இல்லாத பாட்டு. கண்முன் அம்மாவின் சவப்பெட்டி எங்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தது. நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை செல்வி அக்கா: "என்ன புள்ள, கண்ணு கலங்குது?"

"தூசிக்கா. காத்து."

அது அப்பாவின் பாட்டு.

ஜூலை 2, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேடி எடுத்து மூன்று முறை கேட்டேன். பாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உறுதியாகிவிடும்போல ஒரு பயம்.

சந்தேகம் இல்லை. அதே மெட்டு. அப்பாவுடையது கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

எங்கள் மாதா கோவில் பங்கில் அந்தப் பாட்டு இல்லாமல் அடக்கம் கிடையாது. கோவில் வாசலில் பெட்டியைத் தூக்கும்போது தொடங்கி, கல்லறைத் தோட்டத்துக் கதவு வரை. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தவர், முப்பத்தைந்து வருடம். ஊருக்கு அதெல்லாம் நினைவில்லை. ஊருக்கு அவர் கொயர் மாஸ்டர், கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர், அடக்கப் பாட்டு போட்டவர். கடலோடு போன தன் அண்ணனுக்காகப் பதினாறு வயதில் போட்டாராம். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்பே அது ஊர்ப் பாட்டாகிவிட்டது.

கரை சேரும் மட்டும் கைவிடாதேயும் அம்மா,
திரை ஓயும் மட்டும் துணை நில்லும் அம்மா.

ஆங்கிலத்தில் அம்மாவும் இல்லை, மாதாவும் இல்லை. ஒரு நடன மண்டபம். வாத்தியக்காரர்கள் பெட்டியைப் பூட்டுகிறார்கள். ஒருத்தன் ஒருத்தியிடம், இன்னும் ஒரு சுற்று ஆடிவிட்டுப் போவோமே, என் கோட்டு இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. நல்ல பாட்டு. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அறிவிப்பாளர் சொன்ன கணக்குப்படி, இசைத்தட்டு வெளிவந்தபோது அப்பா அரைக்கால் சட்டை போட்ட பையன்.

வீட்டுக்கு வந்தால், அப்பா மேசை முழுக்கக் காகிதம், சிவப்புப் பேனா. பங்கின் புதிய பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது, பிழைதிருத்தம் அவர் பொறுப்பு. புதிதாக வந்திருக்கும் ஃபாதர் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் சொல் யாருடையது, மெட்டு யாருடையது என்று போடச் சொல்லியிருக்கிறார். இதுவரை எந்தப் புத்தகத்திலும் போட்டதில்லை.

"ஏளா, 'ஆராதனை'க்கு சின்ன ரவா பெரிய றவா?"

"சின்னதுப்பா."

அவருடைய பக்கம் எது என்று தேடினேன். அந்த ஒரு தாளில் மட்டும் சிவப்பு மையே படவில்லை. அடியில் இரண்டு இடமும் காலி.

ஜூலை 4, முதல் வெள்ளி

மாலைப் பூசை. பிறகு கோவில் முற்றத்தில் ஃபாதர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். ஃபாதருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பேசும்போது கையைக் கையை ஆட்டுவார்.

"மாஸ்டர், இருநூத்திப் பன்னிரண்டு பாட்டு. எல்லாம் யாரோ, எங்கேயோ எழுதினது. இது ஒண்ணுதான் நம்ம ஊர்லயே பிறந்தது. முதல் பக்கத்துல ஒங்க போட்டோ போடுறோம்."

"போட்டோ எதுக்கு ஃபாதர்."

"எதுக்கா? ஊர்ல பாதிப் பேரை நீங்கதான் வழியனுப்பி வச்சிருக்கீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அடக்கமான மனுஷன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் முகம் எனக்குத் தெரியும். அது அடக்கம் இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது அவருக்கு வரும் முகம்.

அப்பாவுக்குத் தெரியுமோ? வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ரேடியோவில் கேட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டாரா? இல்லை, சின்ன வயதில் காதில் விழுந்தது அடியில் கிடந்து, பிறகு தன்னுடையதுபோல மேலே வந்ததா? இரண்டாவது மாதிரி நடக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கே நடந்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்பா பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தர மறந்தால் எழுந்து போய் வாங்கி வருகிறவர்.

அச்சுக்குப் போவது வரும் வெள்ளி. ஏழு நாள்.

ஜூலை 5, சனி

அரை நாள் ஆபீஸ். மாத்திரை வாங்கியாயிற்று. புத்தகம் இன்னும் திருப்பவில்லை.

போட்டோ எடுக்கப் போகச் சொல்லி அத்தை காலையிலிருந்து சண்டை. அப்பா மாட்டேன் என்கிறார்.

"எதுக்குலே இவ்வளவு பிகு? கலியாணத்துக்கே இத்தன பிகு பண்ணல."

"போளா, போய் ஒன் சோலியப் பாரு."

"என் சோலி இதுதான். செத்தபொறவு போட்டோ தேடி அலைய என்னால முடியாது. இப்பமே எடுத்து வை."

கடைசியில் அத்தையே பீரோவிலிருந்து பழையது ஒன்றைக் கண்டுபிடித்தாள். அப்பாவும் அம்மாவும், மாதா கெபியின் கல்குகை முன்னால். அம்மாவை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் போடலாம் என்றாள். அப்பா படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பின் பெஞ்சில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தப் பாட்டில்தான் தங்கள் வீட்டு ஆள்களை அனுப்பியவர்கள். அப்பா கீபோர்டு முன்னால் தலையைக் குனிந்தபடி.

அடுத்து முடிவுப் பாட்டு. நாற்பது வருடமாக வாசிப்பது. இரண்டாம் அடியில் கை தடுமாறியது. கொயர் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் நண்டுக் குழம்பு. தொடவில்லை. "வயிறு சரியில்ல." நண்டு இருக்கும்போது அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

பின்னேரம் கடற்கரை வரை நடந்தோம். கப்பல்கள் நான்கு வெளியே காத்துக்கொண்டு. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றையே பார்த்தார். எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவள் இல்லை. அம்மா சொல்வாள், நீயும் ஒங்கப்பாவும் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் சுவர்தான் பேசவேண்டும் என்று. நான்கு வருடமாக அப்படித்தான் இருக்கிறோம்.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. இன்று அப்படி இல்லை.

ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கூப்பிட்டார். மேசையில் வெள்ளைத் தாள், பேனா, கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

"ஏளா, ஒரு லெட்டர் எழுதணும். ஒனக்குத்தான் நல்ல தமிழு வரும்."

"யாருக்குப்பா?"

"பங்குச் சாமியாருக்கு, நம்ம ஃபாதருக்கு. அந்த மெட்டு என்னது இல்ல."

தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நிமிடம், வெட்கமாக இருக்கிறது, ஆறுதலாகக்கூட இருந்தது. இனி நான் சொல்ல வேண்டியதில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அது சூசை அண்ணனோடது."

சூசை பெரியப்பா. அப்பாவைவிட ஆறு வயது மூத்தவர். கொழும்புக்குப் போகும் சரக்குத் தோணியில் வேலை. எங்கள் வீட்டில் அவர் ஒரு போட்டோ, அதன் முன்னால் ஒரு சீரியல் பல்பு. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். லெட்டருக்கான தாளில் இல்லை, கையில் கிடைத்த கேஸ் பில்லின் பின்புறம். அதைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பா எப்போதும் விசிலடிப்பாராம். சவரம் செய்யும்போது, கிணற்றில் இறைக்கும்போது, வலையில் சிக்கெடுக்கும்போது. ஒரே மெட்டு. "அவனே போட்டதுன்னு நெனச்சேன். கேட்டதில்ல. அண்ணன்கிட்ட அதெல்லாம் யாரு கேக்கா?"

ஓடு ஏற்றிப் போன தோணி போய்ச் சேரவில்லை. உடல் கிடைக்கவில்லை. பூசைக்குப் பெட்டி இல்லாமல் ஒரு மேசை, அதன்மேல் அவர் சட்டையும் செபமாலையும். அன்று கொயர் மாஸ்டருக்குக் காய்ச்சல். ஆர்மோனியத்தில் பதினாறு வயது அப்பா.

"ஒரு பாட்டும் கைக்கு வரல. எத்தன பாட்டு தெரியும் எனக்கு! ஒண்ணும் வரல. கை தானா அவன் விசிலுக்குப் போச்சு. அத வாசிச்சேன். முடிஞ்சதும் பழைய சாமியார் வந்து, யாரு போட்ட மெட்டு தம்பின்னாரு. நான் பேசாம நின்னேன். பேசாம நின்னத ஆமான்னு எடுத்துக்கிட்டாவ."

"அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். பொறவு வார்த்த எழுதித் தரச் சொன்னாவ, எழுதினேன். ஊரே பாட ஆரம்பிச்சிட்டு. எங்க அம்மை, 'என் சின்ன மவன் போட்டது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா. பெரியவன் போனதுல இருந்து அவ சிரிச்சது அத சொல்லும்போதுதான். அப்ப எப்படிளா சொல்ல?"

மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"செத்தவன்கிட்ட இருந்து திருடிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஒங்கம்மைகிட்ட மட்டும் சொன்னேன். 'அண்ணன் சொத்து தம்பிக்குத்தான'ன்னு சொல்லிச் சிரிச்சா."

பிறகு நேராக உட்கார்ந்துகொண்டு சொன்னார். மெட்டு என்ற இடத்தில் சூசை அண்ணன் பெயர் வர வேண்டும். போட்டோவும் அவனுடையதுதான் வர வேண்டும். "அவன் பேரு எங்கயும் இல்லளா. கல்லறைகூட இல்ல. இதுலயாவது வரட்டும்."

நல்ல தாளில் எழுதித் தருகிறேன், நாளை வரை நேரம் கொடுங்கள் என்றேன்.

தலையாட்டினார். இரண்டு நாளில் முதல்முறையாகச் சோறு கேட்டார். மீதி மீன் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 9, புதன்

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அருட்தந்தை அவர்களுக்கு" வரை நன்றாக வந்தது.

யோசித்தது:

அப்பா சொன்னபடி எழுதிக் கொடுத்துவிடலாம். பெரியப்பா பெயர் அச்சில் வரும். அப்பா நிம்மதியாக இருப்பார். இந்த ஊரில் அந்த ரேடியோவைக் கேட்பது நான் ஒருத்திதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு அடக்கத்திலும் எனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் அடக்கத்திலும்.

சொல்லிவிட்டால்? அவர் கையில் பெரியப்பாவுடையது என்று இருப்பது அந்த மெட்டு ஒன்றுதான். சட்டையும் செபமாலையும் வெள்ளத்தில் போய்விட்டன. ஐம்பத்தேழு வருடம் மனதில் வைத்து வருந்திய திருட்டு, அது அண்ணனுடையதே இல்லை என்றால்? எந்த மண்டபத்திலோ எவனோ கூலிக்குப் பாடியது. அதை ஒரு மகள் போய்ச் சொல்வதா.

ஆபீஸில் சுற்றிவளைத்துக் கேட்டேன். "அக்கா, ஒருத்தர் ஒண்ணை நம்பிட்டு நிம்மதியா இருக்காரு. அது அப்படி இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும். சொல்லுவீங்களா?"

செல்வி அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புருசனா?"

"இல்லக்கா."

"அப்ப சொல்லு. புருசன்னா யோசிக்கணும்."

சிரித்துவிட்டேன். பிறகு அவர் தானாகவே சொன்னார்: "எனக்குன்னா சொல்லிரணும் புள்ள. பொறவு எவனாவது சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டா, நீயும் தெரிஞ்சுதான் இருந்தன்னு ஆயிரும்லா. அதத்தான் தாங்க முடியாது."

வீட்டில் அப்பா: "லெட்டர் ஆச்சா?"

"நாளைக்குப்பா."

பெரியப்பா போட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் கொடுக்க. அதில் பெரியப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட ஏழு வயது சின்னவர். முடி நெற்றியில் சுருட்டி விட்டிருக்கிறது. அது யாரைப் பார்த்துச் செய்துகொண்டது என்று இன்றுதான் தோன்றியது. ஆங்கிலப் படத்துப் பாட்டுக்காரர்கள்போல.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு கேட்டேன். தலைவலி என்றேன். பொய் இல்லை.

மூன்று மணி. வெயில். காற்று கொஞ்சம் விட்டிருந்தது. அப்பா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்ததும் காபி கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அப்பா, ஒரு பாட்டு போடுறேன். கேளுங்க. திட்டாதீங்க."

காதில் வைத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. போனை மேசையில் நிற்க வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

முதல் அடி. டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாம் அடி. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கூடத்தில் அந்தப் பாட்டுக்காரன் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இரண்டு அடி முடிந்ததும் பாட்டு வேறு பக்கம் திரும்பும். எங்கள் தமிழ்ப் பாட்டில் அது கிடையாது, முதலிலிருந்து கடைசி வரை ஒரே மெட்டுதான். இதில் வயலின்கள் மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். அந்த இடம் வந்ததும் அப்பா கையைத் தூக்கினார். நிறுத்து என்கிறார் என நினைத்துப் போனை எடுக்கப் போனேன்.

"வையி! வையி!"

கை அப்படியே காற்றில் நின்றது. பாட்டு இறங்கி வந்து சேர்ந்த பிறகுதான் கையை இறக்கினார்.

"இது. இந்த எடம். இத அவன் விசிலடிப்பான். மேல போயி... நிக்கும்... பொறவு எறங்கும். நான் மறந்துட்டேன்ளா. பூசையன்னைக்கே எனக்கு அது வரல. வருசக்கணக்கா தேடியிருக்கேன். எங்கன போச்சு, எங்கன போச்சுன்னு. கிட்ட வரும், போயிரும்."

மறுபடி போடச் சொன்னார். மறுபடி. மூன்றாம் முறை அந்த இடத்தில் உதட்டைக் குவித்தார். எழுபத்து மூன்று வயதில் பல்செட்டுடன் விசில் வரவில்லை. காற்றுதான் வந்தது. ஆனால் அந்தக் காற்று சரியான இடத்தில் ஏறிச் சரியான இடத்தில் இறங்கியது.

பிறகு, போனை என் பக்கம் நகர்த்திவிட்டு:

"அப்ப அவன் போடல."

"இல்லப்பா."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"செவ்வாய்க்கிழமை. போன வாரம்."

"பத்து நாளா மூடி வச்சிருந்தியா." கோபம் இல்லை. "எனக்கு ஐம்பத்தேழு வருசம். நீ பரவால்ல."

எங்கே கேட்டிருப்பார் என்று யோசித்தோம். கொழும்புத் துறைமுகத்து டீக்கடை? அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்க.

"நம்ம நாசரேத்து ஊர்ல இருந்து வந்த ஒரு டீச்சர் இந்தத் தெரு மொனையில குடியிருந்தாவ. அவிய வீட்லதான் ரேடியோ. அப்பம்லாம் கொழும்பு ஸ்டேஷன்தான் இங்கன தெளிவா எடுக்கும், நடுவுல கடல்தான. இங்கிலீசுப் பாட்டா வரும். தோணி இல்லாத நாள்ல அண்ணன் பின்னேரம் பூரா அந்த மதிலுகிட்டதான் நிப்பான். டீச்சர் மவளப் பாக்க நிக்கான்னு எங்க அம்மை வெளக்குமாத்த எடுத்துட்டே போயிட்டா!"

"பாட்டு கேக்கத்தான் நின்னாரோ?"

"ரெண்டுக்குமா இருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலோ என்னவோ. அவர் வாயிலிருந்து பெரியப்பாவைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை கேட்பது இதுவே முதல் தடவை. போட்டோவும் சீரியல் பல்பும் இல்லாத ஒரு பெரியப்பா. மதிலோரம், வெயில் தாழ்ந்த நேரம், சுருட்டிவிட்ட முடி.

லெட்டர் வேண்டாமாம். நேரில் போய்ச் சொல்கிறாராம். "எழுதிக் கொடுத்தா தமிழு ஒன்னுது ஆயிரும். அதையும் திருட முடியாது."

ஜூலை 11, வெள்ளி

காலை ஆறரைப் பூசை முடிந்து, ஃபாதர் குடியிருக்கும் பங்கு வீட்டுக்கு அப்பாவுடன் நானும் போனேன். ஃபாதர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மேசை, சட்டை, செபமாலை, மதில், வெளக்குமாறு வரை. பிறகு நான் போனில் பாட்டைப் போட்டேன்.

ஃபாதர் கை கழுவ எழுந்தவர் அப்படியே நின்று கேட்டார்.

"டான்ஸ் பாட்டா மாஸ்டர்?"

"டான்ஸ் பாட்டுதான் ஃபாதர். வேண்டாம்னா எடுத்துருங்க. பக்கம் காலியாப் போயிரும்னா வேற ஒண்ணு தாரேன்."

எடுத்துவிட்டால் அடுத்த அடக்கத்தில் என்ன பாடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"இத வச்சு எத்தனை பேரை அடக்கம் பண்ணியிருப்பீங்க?"

"எண்ணினதில்ல ஃபாதர்."

ஃபாதர் துண்டில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. "அப்ப அடக்கப் பாட்டுதான்."

அச்சகத்துக்கு அங்கிருந்தே போன். பாட்டுக்குக் கீழே வரப்போவது: சொல், அப்பா பெயர். மெட்டு, வானொலியில் கேட்டது, கொண்டுவந்தவர் சூசை. போட்டோ பெரியப்பாவுடையது. ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார், அந்த நடுப்பகுதிக்கும் அப்பா வார்த்தை எழுத வேண்டும், அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும் என்று. அப்பா அங்கேயே ஒரு கவரின் பின்னால் எழுதி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆபீஸுக்கு ஒரு மணிநேரம் தாமதம். பரவாயில்லை.

மாலையில் அத்தை வீட்டுக் குசினி. அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா போனபோது அவளுக்கு எட்டு வயது. விஷயத்தை அப்பா சொல்ல, "டான்சா? சூசை அண்ணனா? போலே, அவன் சாமியாராப் போக இருந்தவன்" என்று வெங்காயத்தைத் தொடர்ந்தாள். நான் பாட்டைப் போட்டேன்.

அந்த நடுப்பகுதி வந்ததும் கத்தி நின்றது.

"இது எங்க பாண்டிப் பாட்டுல்லா?"

கட்டம் போட்டு ஆடும் பாண்டிக்கும் இதற்கும் என்ன என்று எனக்கும் அப்பாவுக்கும் புரியவில்லை. அத்தை எழுந்தாள். முற்றத்துக்குப் போய் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போட்டாள். மூன்று கட்டம். பிறகு கொஞ்சம் தள்ளி, சாய்வாக, இன்னும் மூன்று.

"அண்ணன் இப்படித்தான் போட்டுத் தருவான். எதிர்ல நின்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்குவான். விசிலடிப்பான். அந்த விசிலுக்கு மிதிக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. கோட்ட மிதிச்சா தோத்தேன். நான் பாண்டின்னுல்லா நெனச்சேன்! எம் புள்ளைகளுக்கும் அதத்தான சொல்லிக்குடுத்தேன்."

பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. இந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும். அடுத்த தெருப் பிள்ளைகள் வந்தால் எங்கள் பாண்டி அவர்களுக்கு விளங்காது. சில்லு எங்கே, எறிவது எங்கே என்று கேட்பார்கள். எங்கள் பாண்டிக்குச் சில்லே கிடையாது. இரண்டு பேர் கை கோத்து, பாட்டில்லாமல் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணி, நடன மண்டபத்தில்போல சுற்றிச் சுற்றி வருவது. நான் ஒன்பது வயது வரை ஆடினேன். முழங்கால் தழும்பு அதில் விழுந்ததுதான்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மூட்டுவலி எல்லாம் எங்கே போயிற்றோ. அப்பாவின் கைகளைப் பிடித்து இழுத்தாள்.

"விடுளா, யாராவது பாப்பாவ."

"பாக்கட்டும். ஏலே, வலது கால முதல்ல வையி."

"இடதுதான் முதல்ல."

"ஒனக்கு என்னலே தெரியும்? ஒன்னய என்னைக்குச் சேத்துக்கிட்டான் அவன்?"

போனில் பாட்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டு பேரும் கட்டத்துக்குள் நின்றுகொண்டு இடதா வலதா என்று சண்டை. இதை முற்றத்துப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுந்து போக வேண்டும். நான் ஆடியது வலதில்தான் தொடங்கும்.